கறுப்பு பட்டனில் கூடிய எடை

அத்தியாயம் 14

போன வாரம் அக்காவை எந்த நிலைமையில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, ஒரே கடிதத்தை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். ஏழு நாள் கழித்து வந்து பார்த்தால், பாவம், அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார். தொடர்கதையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது ஒரு சங்கடம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா என்றால் பட்டன் கம்பெனி அக்கா. பழைய பாட்டில் மூடிகளை அரைத்து உருக்கிச் செய்த பிளாஸ்டிக் குருணையை வாங்கி, அதில் சட்டை பட்டன் போடும் சின்னத் தொழிற்சாலையின் முதலாளி. இரண்டு மெஷின், எட்டு ஆட்கள். மெஷின்களைக் கவனிப்பவர் அவருடைய கணவர். எல்லோருக்கும் மெஷின் மாமா. கம்ப்யூட்டரைக் கவனிப்பவன் அக்காவின் தம்பி. எதைக் கேட்டாலும் "அது கிளவுட்ல இருக்கு" என்பான். அதனால் மாமா அவனுக்கு மேகம் என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது.

கடிதம் இவ்வளவுதான். பட்டன் வாங்கும் சட்டை கம்பெனி அனுப்பியது. மூன்று மாதத்தில் உங்களிடம் வந்த குருணை 4,200 கிலோ. உங்களிடமிருந்து வெளியே போன பட்டனும் கழிவும் சேர்த்து 4,415 கிலோ. அதிகப்படியான 215 கிலோ எங்கிருந்து வந்தது? இன்று மாலை ஐந்து மணிக்குள் காரணம் பதியாவிட்டால் பச்சைப் பட்டியலிலிருந்து உங்கள் பெயர் எடுக்கப்படும்.

பச்சைப் பட்டியலில் இருப்பவர்களிடம் மட்டும்தான் சட்டை கம்பெனி வாங்கும். அக்காவுக்கோ அந்த ஒரு கம்பெனிதான். பெயர் போனால் அன்றைக்கே இரண்டு மெஷினும் நிற்கும்.

"குறைஞ்சிருந்தா புரியும்" என்றார் அக்கா. "கொட்டும், சிந்தும், கீழே போகும். கூடுமாடா? நாலு கிலோ போட்டா நாலரை கிலோ வர்றதுக்கு இது என்ன இட்லி மாவா, பொங்கி வர?"

"சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றான் மேகம்.

"சிஸ்டம் காட்டும். நீ என்ன சொல்ற?"

"எனக்கும் புரியலைக்கா."

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூடி பொறுக்கும் கிடங்கில் ஒவ்வொரு மூட்டைக்கும் கட்டம் போட்ட சீட்டு ஒட்டுவார்கள். இங்கே வந்ததும் மேகம் அதைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். மெஷினில் கொட்டும்போது ஒரு முறை, பட்டனாகப் பெட்டியில் அடைக்கும்போது ஒரு முறை. அச்சிலிருந்து கொத்தாக வரும் பட்டன்களில் ஒடித்தெடுத்த காம்புகளை மறுபடி அரைத்தால் அதற்கும் தனிச் சீட்டு உண்டு. எல்லாம் கிளவுடில் ஏறிவிடும். கடைசியில் எங்கோ ஒருவர் சட்டை வாங்கி, காலரில் தொங்கும் சீட்டைப் போனில் காட்டினால், "இந்த பட்டன் ஒரு காலத்தில் பாட்டில் மூடியாக இருந்தது" என்று வரும். சட்டை போடுகிறவருக்கு அதில் என்ன சந்தோஷமோ எனக்குத் தெரியாது. ஆனால் அந்த சந்தோஷத்தில்தான் எட்டுக் குடும்பம் ஓடுகிறது.

கிளவுடை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. சாப்பாட்டு நேரத்தில் சின்ன மெஷினின் ஹீட்டர் சும்மா எரிகிறது என்று போன மாதம் கண்டுபிடித்துச் சொன்னது அதுதான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்ட யாருக்கும் அது தெரியவில்லை. அன்றைக்கு அக்கா கம்ப்யூட்டரைத் தட்டிக் கொடுத்தார். இன்றைக்கு அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தராசு தப்பா இருக்கும்" என்றார் மாமா, கதவருகே நின்றபடி. உள்ளே வரவில்லை.

மூவரும் எடை போடும் இடத்துக்குப் போனார்கள். இருபத்தைந்து கிலோ மூட்டையை வைத்தார்கள். இருபத்தைந்து காட்டியது. அக்காவுக்குத் திருப்தி இல்லை. "நீங்க ஏறுங்க" என்றார் கணவரிடம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். எழுபத்தொன்று. போன வாரம் டாக்டர் சொன்னதும் எழுபத்தொன்று. பட்டன் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"தராசு சரியாத்தான் இருக்கு" என்று இறங்கினார் மாமா. "மெஷின் சூடாயிருக்கும், போறேன்."

அவர் போன வேகம் அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா" என்று மேகம் குரலைத் தாழ்த்தினான். "இப்படிக் கூடுச்சுன்னா அவங்களுக்கு ஒரே சந்தேகம்தான் வரும். சீட்டில்லாத புதுக் குருணையைக் கலக்குறோம்னு."

அக்காவுக்குச் சுருக்கென்றது. புதுக் குருணை என்றால் கச்சா எண்ணெயிலிருந்து நேரே செய்தது. பழைய மூடி வாசனையே இல்லாதது. தண்ணீர் மாதிரி ஓடும், மெஷின் மூக்கை அடைக்காது. மூடிக் குருணை அடைத்துக்கொள்கிற ஒவ்வொரு தடவையும் மாமா ஊசியை வைத்துக் குத்திக்கொண்டு "இதுக்குப் புதுசே மேல்" என்று முணுமுணுப்பது எல்லோரும் கேட்டதுதான்.

சொல்லாமல் வாங்குகிறாரோ? எங்கே வாங்குவார்? ஏன் வாங்குவார்? பட்டனுக்கு "முழுக்க முழுக்கப் பழைய மூடி" என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவது அக்கா. அது தெரியாதா மாமாவுக்கு?

அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு விஷயத்தை மறைத்ததாக அக்காவுக்கு நினைவே இல்லை. மறைத்திருந்தால் எப்படி நினைவிருக்கும் என்று உடனே இன்னொரு எண்ணமும் வந்தது. அது வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

பதினொரு மணிக்கு, மாமா டீ குடிக்கப் போன சமயம், அக்கா பெரிய மெஷினுக்குப் பின்னால் போனார். சாக்குகளை நகர்த்தினார். எண்ணெய் டப்பா, கந்தல் துணி, தேய்ந்த ஊசிகள், மாமாவின் பழைய ஸ்வெட்டர். புதுக் குருணை இல்லை. பின்னே பழைய கழிவு எதையாவது அரைத்துப் போடுகிறாரோ? சொந்தப் புருஷன் சாமானைத் திருடி மாதிரி கிளறுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே போய்ப் போனை எடுத்தார்.

மறுமுனையில் சட்டை கம்பெனியின் சரிபார்க்கும் அதிகாரி. அவருக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் பச்சை மேடம். நல்லவர்தான். ஆனால் அவரோடு பத்து நிமிஷம் பேசினால் நம் பெயரே நமக்குச் சந்தேகமாகிவிடும்.

"மேடம், உதாரணத்துக்குக் கேக்கறேன். எங்க பழைய கழிவையே திரும்ப அரைச்சுப் போட்டா அது நல்லதுதானே?"

"நல்லதுதான். சீட்டு இருக்கா?"

"சீட்டு வர்றதுக்கு முன்னாடி உண்டான கழிவுன்னா?"

"அப்ப அது சிஸ்டத்துல இல்லை."

"ஆனா குப்பைக்குப் போகாம மிச்சம் பிடிச்சது, இல்லையா?"

"இருக்கறதுதாங்க மிச்சமாகும். சிஸ்டத்துல இல்லாதது எப்படி மிச்சமாகும்?"

"அப்ப அது பட்டனா வந்திருக்கே மேடம்?"

"அதைத்தாங்க நாங்களும் கேக்கறோம்."

போனை வைத்த அக்கா ஒரு நிமிஷம் பேந்தப் பேந்த விழித்தார். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினால் கிடைக்கவில்லை, சரி எங்கே என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மேகம் தட்டைத் தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரில் தேதிவாரியாகத் தேடிக்கொண்டிருந்தான். திங்கள் கூடுகிறது. செவ்வாய் கூடுகிறது. எல்லா நாளும் கூடுகிறது. ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை.

அக்கா அவனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தேதியெல்லாம் மனசில் நிற்காது. அவருக்கு நிறம்தான் நிற்கும். எந்த மாசம் எந்தச் சாயம் எவ்வளவு போயிற்று என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"தேதியை விடு. கலர் கலரா பிரிச்சுக் காட்ட முடியுமா?"

"முடியும். ஏன்?"

"காட்டு. எனக்கே தெரியலை ஏன்னு."

இரண்டு தட்டு தட்டினான். வெள்ளை: கூடவில்லை, குறையவில்லை. நீலம்: ஒரு பிடி குறைவு, சிந்தியிருக்கும். சந்தனக் கலர்: சரி. கறுப்பு: 215.

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பட்டன் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். வெள்ளையில் ஒரு சிட்டிகை வேறு நிறம் விழுந்தாலும் பல்லைக் காட்டிவிடும். கறுப்பு எதைப் போட்டாலும் விழுங்கும். யாரோ எதையோ தெரியாமல் போடவில்லை. பார்த்து, தெரிந்து, கறுப்பில் மட்டும் போட்டிருக்கிறார்கள். கறுப்பு ஓடுவது பெரிய மெஷினில். பெரிய மெஷினை ஓட்டுவது ஒரே ஆள்.

மாமா கொல்லைப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா வருகிற நடையைப் பார்த்ததுமே குழாயை மூடினார்.

"கறுப்புல என்ன போடறீங்க?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தால் போதாதா? மூன்று தடவை துடைத்தார். பிறகு தொட்டிக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையின் பூட்டைத் திறந்தார். அந்தக் கொட்டகையில் உடைந்த அச்சுகள்தான் கிடக்கின்றன என்று அக்கா இத்தனை நாள் நினைத்திருந்தார். உள்ளே வரிசையாகச் சாக்குகள். மாமா ஒன்றின் வாயைப் பிரித்தார்.

மஞ்சளும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும் ஒரு நிறத்தில் பட்டன்கள்.

அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சந்தனக் கலர் கேட்ட ஆர்டரில் மாமா சாயத்தை மாற்றிப் போட்டு, முந்நூறு கிலோ வீணானது. வாங்க வேண்டியவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அன்றைக்கு எல்லா ஆட்களுக்கும் நடுவில் அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "கண்ணு எதுக்கு வச்சிருக்கீங்க?" அவ்வளவுதான் சொன்னது. அதற்கப்புறம் மாமா ஒரு மாசம் சரியாகப் பேசவில்லை.

"பழைய சாமான்காரனுக்குப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

"போட மனசு வரலை."

"ஆறு வருஷமா இங்கேயே வச்சிருக்கீங்களா?"

"என்ன பண்ணச் சொல்ற? தூக்கிப் போட்டா நஷ்டம் நிஜமாயிடும். வச்சிருந்தா ஒரு நாள் சரி பண்ணலாம்." சாக்கின் வாயை மறுபடி கட்டினார். "அரைச்சு, தினம் ஒரு மக் கறுப்புல போடறேன். நல்லாத்தான் ஓடுது. ஒரு பட்டன்கூட உடையலை. எல்லாம் தீர்ந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்."

"இது புதுக் குருணையில போட்ட பட்டன். மூடியில போட்டது இல்லை."

"அப்ப மூடி ஏது? அதனால என்ன? குப்பைக்குப் போகாம சட்டைக்குப் போகுது. அவங்க தினமும் இதைத்தானே சொல்றாங்க?"

திட்டலாம் என்று வந்தவர் சாக்கின் முடிச்சையே பார்த்தார். ஒரு வார்த்தையை ஒரு மனுஷர் ஆறு வருஷம் பூட்டி வைத்து, தினம் ஒரு மக் அரைத்துக் கரைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இவர் செய்தது மிச்சம் பிடித்ததா, ஏமாற்றியதா? அக்காவுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"நீ சொன்னது சரிதான். கலர் தப்புதானே?" என்று மாமா பூட்டைப் பூட்டினார்.

நாலரை மணி. கம்ப்யூட்டரில் காரணம் கேட்டு மூன்று கட்டங்கள். பதிவுப் பிழை. அளவுக் கருவிக் கோளாறு. சீட்டில்லாத பொருள் கலப்பு. எடை 215 என்று தானாகவே நிரம்பியிருந்தது.

"முதல் கட்டத்தைப் போடு" என்றான் மேகம். "என் பேர்ல பதிவுப் பிழைன்னு போட்டுடு. ரெண்டு நாள் வகுப்புக்கு வரச் சொல்லுவாங்க, போயிட்டு வர்றேன். பட்டியல் தப்பிச்சிடும்."

"நீ பண்ணாத தப்பை நீ ஏன் ஏத்துக்கணும்?"

"பரவாயில்லைக்கா. மாமா பேரு வெளியே வர வேண்டாம்."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். நெகிழ்ந்துபோனார் என்றே சொல்ல வேண்டும். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்திருந்தவன், தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு மாமாவைக் காப்பாற்றப் பார்க்கிறான்.

முதல் கட்டத்தின் மேல் அம்பு நின்றது. ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். எட்டுப் பேரும் நாளைக்கு வேலைக்கு வருவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டி ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் காலரில் தொங்கும் சீட்டு அக்காவின் கண்ணுக்குள் வந்தது. மூடி என்று எழுதியிருக்கும். உள்ளே கொஞ்சம் மூடி இல்லை. இதற்கு ஒரு பொய்யைச் சொன்னால், அடுத்த தடவை கூடும்போது இன்னொன்று சொல்ல வேண்டும். கிளவுட் மறக்காது. அது ஒன்றுதான் இந்த வீட்டில் எதையும் மறக்காத ஆள்.

மூன்றாவது கட்டத்தைத் தட்டினார்.

"அக்கா!"

"சும்மா இரு." ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். ஆறு வருஷத்துக்கு முன் வீணான எங்கள் சொந்த பட்டன்கள். என் கணவர் அரைத்து, தினமும் கறுப்பில் சேர்த்தார். இனி சேர்க்க மாட்டோம். மீதியை வந்து பார்க்கலாம். அதற்குக் கீழே படிவத்திலேயே இருந்த ஒரு வரி: மேலே சொன்ன 215 கிலோவுக்கும் இதுவே முழு விவரம் என்று உறுதி கூறுகிறேன். அந்தக் கட்டத்தில் டிக் அடித்து, தன் பெயரைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். மணி நாலு நாற்பத்தெட்டு.

பட்டியலில் இவர்கள் பெயருக்கு எதிரே மஞ்சள் விளக்கு வந்தது. நாளை காலை பத்து மணிக்கு அதிகாரி நேரில் வருகிறார் என்று ஒரு வரி. சிவப்பு வரவில்லை. அக்கா மூச்சு விட்டார். ஆர்டர் போனாலும் போகட்டும், நெஞ்சில் ஒரு கனம் குறைந்திருந்தது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். இந்தத் தடவை கதவருகே நிற்கவில்லை. "என்ன எழுதின, படி பார்ப்போம்" என்றார். அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினார். மாமா குனிந்து, உதடு அசைய, நிதானமாகப் படித்தார்.

"இருநூத்துப் பதினஞ்சா?"

"ஆமா. அதுக்குத்தானே காலையிலிருந்து இந்தப் பாடு."

"நான் அவ்வளவு போடலையே."

"தினம் ஒரு மக்குன்னீங்க?"

"ஒரு மக்குன்னா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சாக்கு முப்பது கிலோ. மூணு சாக்கு தீர்ந்துச்சு, காலிச் சாக்கு மூணும் மடிச்சு வச்சிருக்கேன். நாலாவதை இன்னைக்கு உனக்குக் காட்டத்தான் பிரிச்சேன்." மாமா நிமிர்ந்தார். "தொண்ணூறு. நான் போட்டது தொண்ணூறு கிலோ."

அக்கா கணவரின் முகத்தைப் பார்த்தார். பொய் இல்லை. இனிமேல் அந்த முகத்தில் மறைக்க எதுவும் பாக்கி இல்லை. அப்படியானால் மீதி? மனசுக்குள் கழித்துப் பார்த்தார். நூற்று இருபத்தைந்து. மறுபடி கழித்தார். அதேதான். மாமாவின் மக்குக்கு இப்படி முழுசாக வராது, ஒரு கிலோ இரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும். கிடங்கிலிருந்து வரும் குருணை மூட்டைதான் இருபத்தைந்து கிலோ.

"அஞ்சு மூட்டை" என்றார் வாய்விட்டு. "சீட்டு ஸ்கேன் பண்ணாம அஞ்சு மூட்டை உள்ளே வந்திருக்கு."

முழு விவரம் என்று டிக் அடித்து அனுப்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. மாமா ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தார். அக்கா மேகத்தைப் பார்த்தார். மூட்டை வந்தால் ஸ்கேன் செய்ய இந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு போன்தான் உண்டு. அது அவன் சட்டைப் பையில் இருந்தது.

"தம்பி" என்றார். பட்டப்பெயர் வாயில் வரவில்லை. "அந்த அஞ்சு மூட்டை எங்கேர்ந்துடா வந்துச்சு? அதுல என்ன இருந்துச்சு?"

காலையிலிருந்து கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"நான்தான் முதல் கட்டத்தைப் போடச் சொன்னேனேக்கா" என்றான். "நீ ஏன் கேக்கலை?"